கீழ் அறைக்கு ஒரு கட்டில்

காலை 7.40, மயிலாடுதுறைப் பேருந்து நிலையம்.

பயணம் என்று எழுதுகிறவர்கள் கடல் தாண்டி, மலை தாண்டிப் போய் வந்து எழுதுகிறார்கள். நான் போய் வந்தது காரைக்கால் வரை. போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது கிலோமீட்டர். போன காரியம், புதிதாகத் திறந்த வீட்டுச் சாமான் கடையில் சோபாவும் கட்டிலும் வாங்குவது. அதுவும் எனக்கு இல்லை, என் தம்பி வீட்டுக்கு. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் அந்த ஒரு நாளை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்த நாள் வேறு. வண்டி கிளம்புவதற்குள் பட்டுப்புடவைகள் நிறைந்துவிட்டன. நடத்துநரிடம் "பூவம் ஒண்ணு" என்றேன்.

"பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமாம்மா?"

"அந்தப் பக்கம். பாண்டிச்சேரி பார்டர் தாண்டி."

என் பக்கத்தில் கருக்களாச்சேரி அம்மாள் ஒருத்தி. செம்பனார்கோவில் தாண்டுவதற்குள் தன் மூன்று பிள்ளைகளின் கதையையும் சொல்லி முடித்துவிட்டாள். நான் எங்கே போகிறேன் என்று கேட்டதும் கடையைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தக் கடையா? தொறந்து மூணு வாரம் ஆவுது. நாங்க ரெண்டு தரம் போயிட்டு வந்துட்டோம்."

"என்ன வாங்குனீங்க?"

"ஒண்ணும் வாங்கலியே. ஏசி நல்லாருக்கு. சோபாவுல உக்காந்து பாக்குற மாதிரி ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்தோம். யாரும் எழுந்திரின்னு சொல்லல."

திருக்கடையூரில் பாதிப் பட்டுப்புடவைகள் இறங்கின. பொறையாற்றில் மீதி. நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வரிசையாக மதுக்கடைகள், பெட்ரோல் பங்குகள். இரண்டும் இங்கே விலை குறைவு என்பதால் தமிழ்நாட்டு வண்டிகள் பாலத்தைத் தாண்டி வந்து நிற்கும். அந்த நேரத்திலேயே கடை வாசலில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

8.55, பூவம்.

நிறுத்தத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட வேட்டி, புதுச் செருப்பு. எழுபத்தாறு வயதில் கடைக்குப் போவதற்காக முகச்சவரம் செய்து, பவுடர் போட்டிருந்தார்.

அப்பாவின் பெயர் கலியபெருமாள். விவசாயத் துறையில் களப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்திலேயே இரண்டு மா, முக்கால் ஏக்கருக்கும் குறைவாக, நிலம் உண்டு, அதையும் இன்னும் அவரே பார்க்கிறார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். மூத்தவள் நான், வசந்தி. மயிலாடுதுறையில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். இளையவன் செந்தில். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண் கல்பனாவைக் கட்டிக்கொண்டு பாரிஸ் பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிறான். வருடத்துக்கு ஒரு முறை, அந்த ஊர்க் கோடை விடுமுறையில், நமக்கு ஆடி ஆவணியில், வருவான்.

ஓட்டுவீட்டை இடித்துவிட்டு மாடிவீடு கட்டலாம் என்று செந்தில் சொன்னபோது அப்பா உடனே இடத்தை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். நானும் பதிவு அலுவலகத்துக்குப் போய் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். அன்று அதைப் பெருமையாகத்தான் செய்தேன்.

பிறகு ஒன்றரை வருடம் அப்பாதான் அந்த வீட்டைக் கட்டினார். செந்தில் போனில் பார்த்தான், அப்பா நேரில் பார்த்தார். கொல்லையில் தண்ணீர் மோட்டாருக்காக முதலில் கட்டிய சின்ன அறையில் சிமெண்ட் மூட்டைகளோடு படுத்துக்கொண்டார். கம்பி களவு போகாமல் காத்தார். காங்கிரீட் போட்ட ஒவ்வொரு முறையும் காலையும் மாலையும் ஏறித் தண்ணீர் கட்டினார். முட்டி வலி வந்ததே அந்தப் படிகளில் ஏறி இறங்கித்தான்.

"வா, வீட்டப் பாத்துட்டு டீ குடி. வர்ற வியாழக்கிழமை கிரகப்பிரவேசம். இன்னும் ஒரு நாற்காலி கூட இல்ல உள்ள" என்றார்.

சாம்பல் நிறச் சுவர், எஃகுக் கைப்பிடி போட்ட பால்கனி, தரையில் முகம் தெரியும் டைல்ஸ். அப்பா என்னை நேராகக் கீழே கிழக்குப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்.

"இது நம்ம ரூமு. ஜன்னலத் தொறந்தா வயல் தெரியும். தண்ணி வந்துச்சா இல்லியான்னு படுத்துக்கிட்டே பாக்கலாம்."

குளியலறைக் கதவையும் திறந்து காட்டினார். கழிப்பறைப் பக்கத்தில் சுவரில் ஒரு கைப்பிடி பதித்திருந்தது.

"கொத்தனாருகிட்ட நானே சொல்லி வெக்கச் சொன்னேன். பிளான்ல இல்ல. எழுந்திரிக்கறப்ப புடிச்சுக்கலாம்ல?"

நம்ம ரூமு என்று யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் வீட்டில் அவருக்கு ஒரு அறை. இதில் கேட்க என்ன இருக்கிறது?

10.15, வாடகைக் கார்.

காரைக்காலில் மாமியார் வீட்டில் தங்கியிருந்த செந்திலும் கல்பனாவும் காரோடு வந்தார்கள். பிள்ளைகளைப் பாட்டி வீட்டிலேயே விட்டு வந்திருந்தார்கள். ஓட்டுநர் பாஸ்கர் திருநள்ளாற்றுக்காரர். அப்பாவை முன்னால் உட்காரச் சொன்னான் செந்தில். கால் நீட்டிக்கொள்ள வசதி.

பூவத்திலிருந்து கடை வரை பத்து கிலோமீட்டர்தான். வரிச்சிக்குடி, கோட்டுச்சேரி, தலத்தெரு. ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடை வாசல்களில் கூட்டம், தேவாலயத்திலிருந்து திரும்பும் குடும்பங்கள். அப்பா ஓட்டுநரிடம் கேட்டார்.

"உங்க பக்கம் வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா தம்பி?"

"நெடுங்காடு வரைக்கும் வந்துடுச்சுங்க. எங்களுக்கு இன்னும் முழுசா வரல."

"நாங்க கடைசி மடை. எல்லாரும் குடிச்சு மிஞ்சினா வரும்."

பின்னால் கல்பனா கைப்பேசியில் ஒரு பட்டியலைச் செந்திலிடம் காட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரும் பேசுவதில் பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. 'ஷாம்பர்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அறை என்று அர்த்தம் என எனக்கே தெரியும். கல்பனாவின் அம்மா அப்படித்தான் சொல்வார்.

10.50, கடை.

திருநள்ளாறு போகும் சாலையில் மூன்று மாடி, முகப்பு முழுதும் கண்ணாடி. வாசலில் வாழைமரம் காய்ந்து தொங்கியது, திறப்பு விழாவுக்குக் கட்டியது, அவிழ்க்க ஆள் இல்லை. கார் நிறுத்த இடம் இல்லாமல் பாஸ்கர் எங்களை இறக்கிவிட்டுத் தூரத்தில் போய் நிறுத்தினார். கதவுக்கு வெளியே வெயிலில் வரிசை. உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்தால்தான் அடுத்த கூட்டத்தை விடுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குலுக்கல் சீட்டு. பரிசு, சாய்வு நாற்காலி.

இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அப்பாவுக்குக் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தேன். "பெரியவரை மட்டும் உள்ள விடுங்களேன்" என்று செந்தில் காவலாளியிடம் கேட்டான். அவர் விட்டார். என் தம்பிக்கு அப்பா மேல் அக்கறை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உள்ளே திருவிழாக் கூட்டம். நாகூர், திருமலைராயன்பட்டினம், தரங்கம்பாடி என்று சுற்றுவட்டாரமே வந்திருந்தது. தளம் முழுதும் சுவர் இல்லாத அறைகளாக அமைத்திருக்கிறார்கள். ஒரு வரவேற்பறை, அதற்குப் பக்கத்தில் ஒரு படுக்கையறை, அடுத்து ஒரு சாப்பாட்டறை. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு குடும்பம் குடியிருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு பேர், நடுவில் பிளாஸ்டிக் பழங்கள். இரட்டைக் கட்டிலில் ஒரு புதுமணத் தம்பதி செருப்பைக் கழற்றாமல் ஓரமாக அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். விலைச் சீட்டுகள் சிவப்பில்: மூலை சோபா 64,990, ஆறு பேர் சாப்பாட்டு மேஜை 38,500, தேக்குக் கட்டில் 52,000. சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விடும் கைகள் நிறைய.

எங்களுக்குப் பிரவீன் என்ற விற்பனையாளர் வந்தார். கையில் ஒரு அட்டையும் பேனாவும். கல்பனாவும் செந்திலும் அவரோடு முதல் மாடிக்குப் போனார்கள். அப்பாவால் படி ஏற முடியாது, மின்தூக்கியில் கூட்டம். நானும் அப்பாவும் கீழ்த்தளத்தில் ஒரு பழுப்பு சோபாவில் உட்கார்ந்தோம்.

11.40, கீழ்த்தளம்.

எங்கள் பக்கத்தில் கருப்பு புர்கா அணிந்த ஓர் அம்மாள், அறுபது வயது இருக்கும், தண்ணீர்ப் புட்டியோடு உட்கார்ந்திருந்தார். காரைக்கால்காரர்.

"மகளுக்கு வீடு கட்டியிருக்கோம். அவளும் மருமகனும் மேல பாக்குறாங்க. எனக்குக் கால் வரமாட்டேங்குது" என்றார்.

"மகளுக்கா வீடு?" என்றார் அப்பா.

"எங்கள்ல அப்படித்தாங்க. வீடு பொம்பளப் புள்ளைக்கு. மாப்புள இங்க வந்து இருப்பாரு. நாங்க உம்மா வாப்பா அவ கூடவே இருந்துக்குவோம். நீங்க?"

"நாங்க பையனுக்குக் கட்டியிருக்கோம். ரெண்டு மாடி. பிரான்ஸ்ல இருக்கான்."

"மாஷா அல்லாஹ். உங்க ரூமு கீழயா, மேலயா?"

"கீழதான். முட்டி இருக்குற இருப்புக்கு மேல எப்படி ஏறுறது?" அப்பா சிரித்தார்.

"அப்ப கட்டில் தாழ்வா வாங்குங்க. இவங்க வெச்சிருக்கறதெல்லாம் ஒசரம். எங்க வீட்டுக்காரர் போன வருசம் அதுலேருந்துதான் விழுந்தாரு."

அந்த அம்மாள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அப்பா உடனே எழுந்துவிட்டார். "வா வசந்தி, இங்கயே கட்டில் இருக்கு. அவங்க வர்றதுக்குள்ள பாத்துடுவோம்."

கட்டில்கள் இருந்த பகுதியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தார். நிலம் வாங்குகிறவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதைப்போல ஒவ்வொரு கட்டிலின் விளிம்பையும் தடவினார். ஒன்றில் கால் தரையில் பதியவில்லை. ஒன்றில் மெத்தை அமுங்கி எழ முடியவில்லை. ஏழாவதோ எட்டாவதோ, ஓரமாகக் கிடந்த ஒற்றைக் கட்டில், வேப்ப மரம், அதிக வேலைப்பாடு இல்லை. உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். என்னைப் பிடிக்காமல், எதையும் பிடிக்காமல் எழுந்தார்.

"இதான்."

"படுத்துப் பாருங்கப்பா."

"எல்லாரும் பாக்குறாங்க" என்றார். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். கூரையில் வரிசையாக எரிந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, கைகளை மார்பில் வைத்துக்கொண்டு கிடந்தார். ஒன்றரை வருடம் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் படுத்த மனிதர்.

12.15.

செந்தில், கல்பனா, பிரவீன் மூவரும் இறங்கி வந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து கையசைத்தார்.

"செந்திலு, இது நல்லாருக்கு. விலையும் அதிகம் இல்ல. கீழ் ரூமுக்கு இதப் போட்டுடு."

பிரவீன் அட்டையைப் பார்த்தார். "சார், கீழ் ரூமுக்கு ரெண்டு சிங்கிள் காட் ஏற்கனவே எழுதியாச்சே சார். கெஸ்ட் ரூம் ஒண்ணுன்னு மேடம் சொன்னாங்க. மேல கெஸ்ட் ரூம் ரெண்டும் மூணும். மொத்தம் மூணு ரூமும் முடிஞ்சிடுச்சு."

"கெஸ்ட்டா?" என்றார் அப்பா. "எந்த கெஸ்ட்டு?"

பின்னாலிருந்து ஒரு குடும்பம் எங்களை இடித்துக்கொண்டு போனது. குழந்தை ஒன்று அப்பாவுக்குப் பக்கத்தில் கட்டிலில் ஏறிக் குதித்தது. பிரவீன் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "நான் பில்லிங்ல ஒரு நிமிஷம் கேட்டுட்டு வந்துடுறேன் சார்" என்று நகர்ந்தார். அவருக்கு எங்களைவிட முன்பே புரிந்துவிட்டது.

செந்தில் அப்பாவுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தான்.

"அப்பா, இன்னிக்கி ராத்திரி வீட்டுல வெச்சுச் சொல்லலாம்னு இருந்தோம். நாங்க வருசத்துல அஞ்சு வாரம்தான் வர்றோம். மீதி நாள் பூட்டி வெச்சா வீடு பாழாப் போயிடும். திருநள்ளாறுக்கு எவ்வளவு பேர் வர்றாங்க, தரங்கம்பாடிக்கு எவ்வளவு பேர் வர்றாங்க, தங்க இடம் இல்லாம. அதான், வாடகைக்கு விடலாம்னு. ஆப்புல போட்டா அவங்களே புக் பண்ணிட்டு வருவாங்க."

"பூட்டி வெப்பானேன்? நான் இருக்கேன்ல?"

"நீங்க தனியா எப்படிப்பா இருப்பீங்க? அம்மாவும் இல்ல. விழுந்து கிழுந்து வெச்சா யாரு பாக்குறது? அக்கா கூட மாயவரத்துல இருங்க. ஆஸ்பத்திரி பக்கம், கோயில் பக்கம். மாசா மாசம் நான் அனுப்பிடுறேன்." என்னை நிமிர்ந்து பார்த்தான். "என்னக்கா?"

கல்பனாவும் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தம்பி மேல் கோபம் வரவில்லை. அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது என் வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. கணவர், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடும் நான். அப்பா இரவில் இருமும் சத்தம், அவருக்குத் தனியாகக் குறைத்துப் போடும் உப்பு, முட்டிக்குத் தைலம். இதெல்லாம் ஒரு வரிசையாக, கடை விளக்குகள்போல் அடுத்தடுத்து எரிந்தன. மூன்று நொடி இருக்கும். நான்கு இருக்கலாம்.

"அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அப்பா என் முகத்திலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார். வேகமாக எடுக்கவில்லை. பேருந்து நம் ஊரில் நிற்காது என்று தெரிந்தவர் கையை இறக்குவதைப்போல மெதுவாக எடுத்தார்.

"கைப்பிடி கூட வெச்சிருக்கேனே" என்றார் யாரிடமோ.

"என்னது மாமா?" என்றாள் கல்பனா.

"ஒண்ணுமில்லம்மா."

பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். எழுந்து நின்று பிரவீனைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தம்பி, இரும்புல கட்டில் இருக்கா? மடக்குற மாதிரி இல்ல, நிக்குற கட்டில். அகலம் ரெண்டரை அடிக்கு மேல வேணாம்."

"இருக்குங்க ஐயா, பின்னால இருக்கு. எதுக்குங்க?"

"மோட்டார் ரூமுக்கு."

"அப்பா, என்னப்பா இது?" என்றான் செந்தில்.

"ஒன்றரை வருசம் அங்கதான கெடந்தேன். பழகின எடம். நீ கெஸ்ட்டுக்கு விடுறேங்குற, வர்றவனுக்குச் சாவி குடுக்க, மோட்டார் போட ஒரு ஆள் வேணும்ல? சம்பளத்துக்கு ஒருத்தன வெப்பியா? வயலும் இருக்கு. மாயவரத்துல நான் என்ன பண்றது?"

"மாமா, அதுல காத்தே வராது. ரொம்பச் சின்ன ரூம்" என்றாள் கல்பனா. அவள் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பு இல்லை. "ஃபேன் ஒண்ணு போட்டுடுவோம். நல்ல மெத்தையா வாங்கித் தர்றேன். மோட்டார வேணா வெளியில மாத்திடலாம், செந்தில்."

"மாத்திடலாம்" என்றான் செந்தில். அவன் குரலில் இருந்தது நிம்மதி. அது எனக்கு நன்றாகக் கேட்டது, ஏனென்றால் எனக்குள்ளும் அதுவேதான் இருந்தது.

கல்பனா சொன்னபடியே கடையில் இருந்ததிலேயே நல்ல மெத்தையாக வாங்கினாள். இரும்புக் கட்டிலின் விலை 4,200. மெத்தையின் விலை அதைப்போல் மூன்று மடங்கு. பிரவீன் சொன்னார், "மத்ததெல்லாம் புதன்கிழமை வண்டியில வந்துடும் சார். இரும்புக் கட்டில் ஸ்டாக்ல இருக்கு. பொறையாறு பக்கம் இன்னிக்கே வண்டி போகுது, போற வழியில எறக்கிடுவாங்க."

வெளியே வரும்போது அந்தக் காரைக்கால் அம்மாள் அதே சோபாவில்தான் இருந்தார். "தாழ்வா கெடச்சுதுங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். "கெடச்சுதும்மா, ரொம்ப நல்லா கெடச்சுது" என்றார் அப்பா.

2.10, சாப்பாடு.

கடைத்தெருவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. சாப்பாடு 140, வறுத்த வஞ்சிரம் ஒரு துண்டு 180. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன், மீன் நன்றாக இருந்தது, குழம்பில் புளி சரியாக இருந்தது. அப்பா எப்போதும்போல் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு வாங்கினார். செந்திலின் இலையில் முள் எடுத்து மீனை வைத்தார், ஐந்து வயதுப் பிள்ளைக்கு வைப்பதைப்போல. செந்திலுக்கு நாற்பத்தொன்று. அவன் குனிந்துகொண்டு தின்றான். நாங்கள் நான்கு பேரும் வாய்க்கால் தண்ணீர், பாரிஸ் குளிர், என் மகளின் தேர்வு என்று பேசினோம். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை, ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அன்று யாராவது சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

3.35, காரைக்கால் பேருந்து நிலையம்.

நான் அங்கிருந்தே ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னேன். பூவம் வரை காரில் வந்து அங்கே ஏறலாமே என்றான் செந்தில். உட்கார இடம் கிடைக்காது என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மை வேறு. அந்த வீட்டு வாசலில் கட்டில் இறங்குவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

வேண்டாம் என்று சொல்லியும் அப்பா காரிலிருந்து இறங்கி என்னோடு பேருந்து வரை நடந்தார். கூட்டத்தில் என் பையை அவர் வாங்கிக்கொண்டார். ஜன்னல் வழியாக அதை உள்ளே போட்டு இடம் பிடித்தார். வண்டி உறுமியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வியாழக்கிழமை புள்ளையையும் கூட்டிட்டு வெள்ளனவே வந்துடுங்க. பால் காச்சணும். மாப்பிள்ளையக் கேட்டதாச் சொல்லு."

இருபது வருடமாக, ஒவ்வொரு முறை பிரியும்போதும் அவர் கடைசியாகச் சொல்வதுதான் அது. எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்வது. அன்றுதான் நான் அந்த மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டினேன்.

பூவத்தைத் தாண்டும்போது வண்டியில் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

5.30, வீடு.

என் கணவர் மோகன் தறிச் சங்கத்தில் கணக்கர். அதிகம் பேசாதவர். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன், "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றது உட்பட.

"இதுல என்னைக் கேக்க என்ன இருக்கு?" என்றார். "தையல் மிஷின எடுத்துச் சமையக்கட்டுல போட்டா கூடத்துல ஒரு கட்டில் தாராளமாப் போடலாம். இப்பவே போன் பண்ணி வரச் சொல்லு."

திட்டியிருக்கலாம். மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் காலம் முழுதும் அவர்மேல் பழியைப் போட்டுக்கொண்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அழைத்தேன். பின்னணியில் ஏதோ தட்டும் சத்தம்.

"அப்பா, இவர்கிட்ட பேசிட்டேன். இங்க வந்துடுங்க. இவரே சொல்றாரு."

"மாப்பிள்ள தங்கமானவரு. எனக்குத் தெரியாதா?" என்றார். "கட்டில எறக்கிட்டாங்கம்மா. கால் ஒண்ணு ஆடுது, கீழ ஒரு சில்லு வெச்சுத் தட்டிக்கிட்டிருக்கேன். இனிமே எங்கயும் வர முடியாது."

"அப்பா, நான் அந்த நேரத்துல..."

"அடுப்புல என்ன வெச்சிருக்க? போய்ப் பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை கிரகப்பிரவேசம் குறையில்லாமல் நடந்தது. மோகன் நேரிலும் கேட்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆவட்டும், பாக்கலாம்" என்றார். பிறகு மூன்று முறை நான் போய்க் கேட்டுவிட்டேன். நடவு முடியட்டும் என்கிறார், மழை போகட்டும் என்கிறார். கோபமாகச் சொன்னால் காலில் விழலாம். அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். வாடகைக்கு ஆள் இருக்கும் நாட்களில் நான் முன்வாசல் வழியாகப் போவதில்லை. கொல்லைப் பக்கமாகப் போய், கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். மோட்டாரை இன்னும் மாற்றவில்லை. அது ஓடும் நேரத்தில் பேச முடியாது, நின்ற பிறகு பேசுவோம்.

ஊர் திரும்பிய பிறகு போன ஊரையும் சொந்த ஊரையும் ஒப்பிட்டு எழுதுவது இந்த மாதிரிக் கட்டுரைகளில் வழக்கம். ஒப்பிட ஒன்றும் இல்லை. அங்கே மூன்று அறைகள் இருந்தும் இடம் இல்லை. இங்கே இடம் இருந்தது, நான் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள், பள்ளியில் இடைவேளையின்போது, எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் செந்தில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கிய யாரோ எழுதிய பாராட்டு. "வீடு மிகச் சுத்தம். கோயிலுக்குப் போய்வர வசதி. வாசலில் இருக்கும் வயதான வாட்ச்மேன் மிகவும் பணிவானவர். சொல்லாமலேயே எங்கள் பைகளைத் தூக்கி வந்து வைத்தார்." அதற்குக் கீழே செந்தில், "அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்!" என்று எழுதியிருந்தான். கல்பனா கைகூப்பும் பொம்மை போட்டிருந்தாள்.

அப்பாவிடம் இருப்பது பொத்தான் போன். அவர் இந்தக் குழுவில் இல்லை.

"அது வாட்ச்மேன் இல்லை, நம்ம அப்பா" என்று தட்டினேன். அனுப்பவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். மணி அடித்தது. மற்றவர்களைப்போல நானும் ஒரு கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன்.